குதிகாலுக்கு வன்னித் தேன்

அளவெட்டி,
12.02.2024

அன்புத் தங்கை யோகாம்பாளுக்கு,

நீயும் விமலராஜும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். மங்கையும் நானும் சுகம்.

நேற்று இந்த வீட்டில் ஒரு முக்கிய முடிவு எடுக்கப்பட்டது. தேன் போத்தலைக் குசினி அலுமாரியிலிருந்து சாமியறைக்கு மாற்றுவது என்பதே அது. பிரேரித்தவன் நான். மங்கை எதிர்த்தாள். குத்துவிளக்கின் சூடு தேனுக்கு ஆகாது என்றாள். அவளுடைய கருத்துக் கவனத்தில் எடுக்கப்பட்டு விளக்குச் சற்றுத் தள்ளி வைக்கப்பட்டது. போத்தல் இப்போது பிள்ளையாருக்கு வலப்பக்கம் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து இளைப்பாறியவனுக்கு, எந்தப் பொருளை எந்தத் தட்டில் வைப்பது என்பது சின்ன விஷயமல்ல.

இந்தப் பதவி உயர்வுக்குக் காரணம் என் கால் விரல். கார்த்திகை மழையில் வேலியின் முள்ளுக்கம்பி என் வலது பெருவிரலைக் கிழித்தது. நமது குடும்பச் சொத்தான சீனி வருத்தம் எனக்கும் இருப்பது நீ அறிந்ததே. விரல் கறுத்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் விரலைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். நான் வன்னிக் காட்டுத் தேன் பூசினேன். தைப்பொங்கலுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். நடந்தது இவ்வளவுதான்.

விடுமுறையில் வந்திருக்கும் இளவாலை ஏர்னஸ்ற் அடுத்த கிழமை இத்தாலிக்கு, உங்கள் பலெர்மோவுக்குத் திரும்புகிறார். அவரிடம் ஒரு போத்தல் தந்துவிடுகிறேன். விமலராஜுக்கும் சீனி இருப்பதால் அவர் அதைத் தொடக் கூடாது. நீ தடிமனுக்கும் இருமலுக்கும் எடுக்கலாம்.

தொலைபேசியில் நீ சொல்வது எனக்குக் கேட்பதில்லை. நான் சொல்வதை நீ கேட்பதில்லை. முக்கியமானவற்றைக் கடிதத்தில் எழுது.

உன் நன்மையை நினைக்கும் அண்ணன்,
குணரத்தினம்

*

பலெர்மோ,
10.03.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் விரலையும் மச்சாளையும் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள். நாங்கள் இருவரும் சுகம்.

தேன் வந்து சேர்ந்தது. ஏர்னஸ்ற் அதைத் தன் மனைவியின் சேலையில் சுற்றிக்கொண்டு வந்தார். வந்தபோது சேலையில் கொஞ்சம் தேனும் தேனில் கொஞ்சம் நூலும் இருந்தன. வடித்து வைத்திருக்கிறேன்.

நாங்கள் சுகம் என்று எழுதியது வழக்கத்துக்கு. இவருடைய இடது குதிகாலில் புண்.

ஸ்ஃபெர்ராகவால்லோவில் இவர் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடையை உங்களுக்குத் தெரியும். குசினியில் மட்டி கழுவி, மீன் செதிள் எடுத்து, தரை கழுவி, நாள் முழுவதும் றப்பர் சப்பாத்தோடு தண்ணீரில் நிற்கிற வேலை. போன கிழமை வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினார். உள்ளேயிருந்து உடைந்த மட்டிச் சிப்பி ஒன்று விழுந்தது. என் சின்னவிரல் அளவு இருக்கும். காலில் போட்டிருந்த மேசு இரத்தத்தில் ஊறியிருந்தது.

"இதோடையே நாள் முழுக்க நிண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"எதோடை?" என்றார்.

அண்ணை, அவருக்கு அது தெரியவில்லை. என்னைப் பயப்படுத்துவது புண் இல்லை, அதுதான்.

டொக்டரிடம் போவோம் என்றேன். மாட்டேன் என்கிறார். காரணம் இதுதான். ஈஸ்டரோடு கடையில் சீசன் தொடங்குகிறது. முதலாளி வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைத்தால்தான் இங்கே தங்குகிற பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கலாம். குவெஸ்தூராவில், அதாவது அந்தப் பொலிஸ் அலுவலகத்தில், எங்களுக்குத் தந்திருக்கும் நாள் ஜூன் பத்தொன்பது. "காலிலை புண்ணோடை குசினியிலை நிக்கிறவனை ஆர் வைச்சிருப்பான்? டொக்டர் லீவு எழுதினால் முதலாளி வேறை ஆளை எடுப்பான். பத்தொன்பதாம் திகதி மட்டும் பொறு" என்கிறார்.

உங்கள் விரலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "கொண்ணற்றை விரலுக்கே சுகம் வந்தால் என்ரை காலுக்கு வராதே?" என்று சிரித்தார். எப்படிப் பூசுவது என்று விபரமாக எழுதுங்கள்.

இதை நான் வேலை செய்யும் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். அவ மத்தியானம் நித்திரை கொள்கிற நேரம். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. இவர் பக்கத்தில் இருக்கும்போது இவரைப் பற்றி எழுதவும் ஏலாது, போனில் கதைக்கவும் ஏலாது.

உங்கள் தங்கை,
யோகம்

*

அளவெட்டி,
01.04.2024

அன்புத் தங்கை யோகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு மழை இல்லை. மற்றெல்லாம் நலம். விமலராஜின் குதிகால் பற்றி அறிந்து கவலையும், நீ உரிய இடத்தில் ஆலோசனை கேட்டிருக்கிறாய் என்பதில் ஆறுதலும் அடைந்தேன்.

முறை பின்வருமாறு. வேப்பிலை அவித்த தண்ணீரில் புண்ணைக் கழுவ வேண்டும். வேப்பிலை கிடையாவிட்டால் மஞ்சள். அதுவும் கிடையாவிட்டால் உப்பு. பிறகு துணியால் ஒற்றி, தேனைத் தடிப்பாகப் பூசி, அவித்துக் காயவைத்த பழைய வேட்டித் துண்டால் கட்ட வேண்டும். இங்கிலிஷ் மருந்துக்கடைப் பஞ்சு ஒட்டிக்கொள்ளும், அது வேண்டாம். காலையும் மாலையும் மாற்று.

சீனி வருத்தக்காரருக்குத் தேன் கூடாதே என்று நீ யோசிப்பாய். கூடாதது நாக்குக்கு. குதிகால் நாக்கு அல்ல. இந்த வேறுபாட்டை நம் சனம் விளங்கிக்கொள்ளாததால்தான் எத்தனையோ பேர் வீணாக ஆஸ்பத்திரிகளில் கிடக்கிறார்கள்.

விமலராஜின் யோசனை சரியானது. உத்தியோகத்தில் இருப்பவன் காலத்தையும் இடத்தையும் பார்த்துத்தான் நோய்வாய்ப்பட வேண்டும். ஜூன் பத்தொன்பதுக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது. என் விரல் அதைவிடக் குறைந்த காலத்தில் மாறிச் சுகமாகியது. மங்கை இதற்குச் சாட்சி. இதை எழுதும்போது அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப்போய் ஆட்டுக்குக் குழை போட்டாள். மறுப்பு இல்லாததால் ஏகமனதாக எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன் அண்ணன்,
குணரத்தினம்

*

பலெர்மோ,
24.04.2024

அன்புள்ள அண்ணைக்கு,

மழை இல்லாவிட்டாலும் கிணறு வற்றாமல் இருக்கட்டும். நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

நீங்கள் எழுதியபடியே செய்கிறேன். வேட்டி இவருடைய கலியாண வேட்டி. வேறு பழைய வேட்டி இந்த நாட்டில் எங்களிடம் இல்லை. காலையில் கட்டி, மேலே பிளாஸ்திக் பை சுற்றி, அதற்கு மேல் மேசு, அதற்கு மேல் சப்பாத்து. "கொண்ணர் என்னைத் தொதல் பலகாரமாக்கிப்போட்டுத்தான் விடுவார்" என்கிறார். முதலாளி ஒன்றும் கவனிக்கவில்லை. ஒருநாள் மட்டும், நொண்டுகிறாயா என்று கேட்டானாம். இவர் தன் சப்பாத்து இறுக்கம் என்று சொன்னாராம். முதலாளி நல்லவன். அடுத்த நாள் ஒரு அளவு பெரிய சப்பாத்து வாங்கிக் கொடுத்தான். அதனால் இன்னும் தடிப்பாகக் கட்ட முடிகிறது.

நோ இல்லை என்கிறார். நேற்றுக் கட்டு மாற்றும்போது புண்ணின் ஓரத்தை விரலால் அமத்திப் பார்த்தேன். அவர் எங்கள் பலெர்மோ உதைபந்து அணி எப்படித் தோற்றது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் அமத்தினேன். கதை நிற்கவில்லை.

"நோகேல்லையோ?"

"என்ன, நீ துவங்கீட்டியே?"

இன்னொன்று. காலையில் எழும்பும்போது கட்டில் காலில் இருந்து இவருடைய கட்டு வரைக்கும் எறும்பு. வரிசையாகப் போய் வரிசையாக வந்துகொண்டிருந்தது. துணியை அவிழ்த்தால் உள்ளேயும் இருந்தது. அவர் நல்ல நித்திரை. நான் தட்டித் துடைத்துக் கட்டி முடிக்கும் வரைக்கும் எழும்பவில்லை. எழும்பின பிறகும் நான் சொல்லவில்லை.

புண் சின்னதாகவில்லை. கொஞ்சம் ஆழம் போல இருக்கிறது. அது மாறும்போது அப்படித்தான் இருக்குமா?

எங்கள் சன்னலுக்கு நேரே கீழே கபோ சந்தையின் மீன்கடை. அதனால் அறையில் எப்போதும் மீன் மணம். இப்போது வெயில் வரத் தொடங்கியதால் கொஞ்சம் கூடுதல்.

தங்கை,
யோகம்

*

அளவெட்டி,
15.05.2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் எங்களுக்கு அளவற்ற மகிழ்ச்சி தந்தது. மங்கைக்கு முழங்கால் உளைவு. மற்றப்படி இங்கு குறையில்லை.

நோ நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறாய். தேனின் முதற் பயன் அதுவே. எறும்பு வந்தது இரண்டாவது. கலப்படத் தேனை எறும்பு திரும்பியும் பாராது. இலங்கையில் இருந்து போன தேனை இத்தாலிய எறும்பு ஒரு சந்தேகமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டதை நீ சாதாரணமாக எழுதிவிட்டாய். நான் அப்படி எடுக்கவில்லை.

இருந்தாலும் எறும்பை அனுமதிக்கக் கூடாது. நம் வீட்டில் சாப்பாட்டு அலுமாரியின் நாலு காலுக்கும் தண்ணிச் சிரட்டை வைப்போமே, அதே மாதிரிக் கட்டிலின் நாலு காலையும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வை. சுவரில் கட்டில் முட்டக் கூடாது.

புண் மாறுவதற்கு முன் ஆழமாவது இயல்பு. கிணறு இறைக்கும்போது தண்ணீர் கீழே போய்த்தான் புது ஊற்று வரும்.

முதியோர் சங்கத்தில் வரும் பூரணையன்று 'தேனும் ஆறாப் புண்ணும்' என்ற பொருளில் பேச என்னைக் கேட்டிருக்கிறார்கள். உள்ளூர் அனுபவம் என்று என் விரலையும், வெளிநாட்டு அனுபவம் என்று விமலராஜின் குதிகாலையும் குறிப்பிட இருக்கிறேன். பெயர் சொல்லமாட்டேன். 'ஐரோப்பாவில் வசிக்கும் ஒருவர்' என்று சொல்வேன்.

அன்புடன்,
குணரத்தினம்

*

பலெர்மோ,
03.06.2024

அண்ணைக்கு,

மச்சாளின் முழங்காலுக்கு என்ன செய்கிறீர்கள்? நான் சுகம்.

கட்டிலின் நாலு காலும் இப்போது நாலு ரின்மீன் பேணிக்குள் நிற்கின்றன. எறும்பு வரவில்லை. எறும்பு வராமல் விட்டது தண்ணீராலா என்று எனக்குத் தெரியாது.

இன்று திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமையில் வள்ளங்கள் கடலுக்குப் போகாததால் திங்களில் கீழே மீன்கடை பூட்டு. பலகையைக் கழுவிச் சந்தை முழுவதும் காய்ந்து கிடக்கிறது. காலையில் சன்னலைத் திறந்து நின்றேன். வெளியில் கோப்பி மணம்தான் வந்தது. சன்னலைப் பூட்டினேன். அறைக்குள் மணம் இருந்தது.

இவ்வளவு நாளும் நான் மீன்காரனைத்தான் ஏசிக்கொண்டிருந்தேன்.

குதிகாலின் ஓரம் கத்தரிக்காய் நிறம். நேற்று இருந்த இடத்தைவிட இன்று இரண்டு விரல் மேலே ஏறியிருக்கிறது. நான் பேனையால் கோடு கீறி வைத்ததால் தெரிந்தது. பாதம் வீங்கிச் சூடாக இருக்கிறது. வேலைக்குப் போய்விட்டார். முதலாளி தந்த பெரிய சப்பாத்தும் இப்போது இறுக்கம்.

காலையில் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். "நான் இண்டைக்கு விடமாட்டன். ஆஸ்பத்திரிக்கு நடவுங்கோ" என்றேன்.

"யோகம், பதினாறு நாள். பதினாறே பதினாறு நாள். கைரேகையை வைச்சிட்டு நேரே அங்கைதான் வாறன். நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கே வாறன்."

"கால் பொறுக்குமோ?"

"நோகேல்லை எண்டுறன். நோகாத காலுக்கு ஏன் அழுறாய்? இந்தப் பேப்பர் போனால் இரண்டு பேரும் இஞ்சை நிக்கேலாது. பிறகு கொண்ணற்றை வீட்டு ஆட்டுக்குத்தான் குழை போடவேணும்."

பிறகு கொஞ்சம் மெதுவாக, "கொண்ணருக்கும் கறுத்துத்தானே மாறினது" என்றார். நான் கதவை விட்டு விலகினேன். அவர் அதைச் சொல்லியிருக்காவிட்டால் விலகியிருக்கமாட்டேன்.

அண்ணை, இரண்டு கேள்வி. கூட்டம், தேனின் குணம் ஒன்றும் எழுத வேண்டாம். இந்த இரண்டுக்கும் மட்டும் பதில் எழுதுங்கள்.

உங்கள் விரலில் எறும்பு ஊர்ந்தால் உங்களுக்குத் தெரிந்ததா?

தேனைத் தவிர வேறு ஏதாவது செய்தீர்களா?

சனிக்கிழமை போனில் இதைக் கேட்கத்தான் எடுத்தேன். நீங்கள் ஹலோ, ஹலோ என்றுகொண்டு நின்றீர்கள். இவர் பக்கத்தில் படுத்திருந்தார். நான் சாப்பிட்டாச்சோ என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

யோகம்

*

அளவெட்டி,
21.06.2024

அன்புத் தங்கை யோகத்துக்கு,

மங்கையின் முழங்கால் பரவாயில்லை. வெயில் கடுமை. நீங்கள் இருவரும் நலமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

உன் இரண்டு கேள்விகளும் நல்ல கேள்விகள். முதலாவதைப் பொறுத்தவரை, எறும்பு என்பது ஒரு இனம் அல்ல. கட்டெறும்பு, சிற்றெறும்பு, நெருப்பெறும்பு என்று பல. அவற்றுள் சில ஊர்ந்தால் ஆருக்கும் தெரியாது. நெருப்பெறும்பு ஊர்ந்தால் எனக்குத் தெரிந்திருக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் அந்தக் காலத்தில் நம் வீட்டில் நெருப்பெறும்பு இருக்கவில்லை.

இரண்டாவதைப் பொறுத்தவரை, நான் தேன் பூசினேன் என்பதில் எந்த மாற்றமும் இல்லை. மார்கழியில் சில நாள் வேறு அலுவலாக யாழ்ப்பாண நகரில் தங்க நேரிட்டது. அங்கிருந்து வந்ததும் தேனை ஒழுங்காகத் தொடர்ந்தேன். ஒழுங்குதான் முக்கியம்.

கூட்டம் பற்றி எழுத வேண்டாம் என்று கேட்டிருந்தாய். ஆகவே அது நல்லபடி நடந்தது என்பதோடு நிறுத்துகிறேன். தேன் விசாரித்துப் பலர் வீட்டுக்கு வருகிறார்கள்.

விமலராஜுக்குக் குவெஸ்தூரா அலுவல் இதற்குள் முடிந்திருக்கும். வசதிப்பட்டால் ஒரு வைத்தியரிடமும் காட்டலாம். தேனுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

அன்புடன் அண்ணன்,
குணரத்தினம்

*

அளவெட்டி,
24.06.2024

அன்புள்ள யோகத்துக்கு மச்சாள் மங்கையற்கரசி எழுதுவது.

இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். ஆதலால் சுகம் கேட்டு நேரம் போக்கவில்லை.

உன் கடிதம் வந்தால் இவர் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். மூன்றாம் திகதிக் கடிதத்தை வாசிக்கவில்லை. மூன்று நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். சாப்பாடும் சரியில்லை. இன்று அவர் குளிக்கப் போன நேரம் எடுத்து வாசித்தேன்.

யோகம், இவரின் விரல் தேனால் மாறவில்லை. மார்கழியில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி வார்ட்டில் கிடந்தவர். காலையும் பின்னேரமும் ஊசி. செத்த தசையை வெட்டி எடுத்தார்கள். இன்னும் நாலு நாள் பிந்தியிருந்தால் கால் போயிருக்கும் என்று டொக்டர் என்னிடம் சொன்னார். ஒழுங்காகத் தேன் பூசினது வீட்டுக்கு வந்த பிறகுதான். அப்போது புண் காய்ந்துவிட்டது.

ஏன் ஊருக்கு இப்படிச் சொன்னார் என்று கேட்பாய். ஆஸ்பத்திரிக்குப் போக முதல், தேனே போதும் என்று சனத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணிவிட்டார். வந்த பிறகு வாய் திரும்பவில்லை. நான் அவரை ஊருக்குள் சின்ன ஆளாக்க விரும்பவில்லை. உனக்கும் இதையே எழுதுவார் என்று நினைக்கவில்லை. எழுதினபோது நான் பேசாமல் இருந்தேன்.

உன் நம்பர் அவரின் போனுக்குள்தான் இருக்கிறது. போன் அவரின் சட்டைப் பையில் இருக்கிறது. உன் விலாசம் கடித உறையில் இருந்ததால் இதை எழுதுகிறேன். இது வந்து சேர மூன்று கிழமை ஆகும் என்று தபால் கந்தோரில் சொன்னார்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இதை வாசித்தவுடன் மூடிவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.

மங்கை

*

அளவெட்டி,
19.07.2024

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வந்து நாளாகிறது. தபால் தாமதம் என்று நினைக்கிறேன். போனில் இரண்டு முறை முயன்றேன். மணி அடித்தது போலவும் இருந்தது, அடிக்காதது போலவும் இருந்தது.

இங்கு விசேடமாக எழுத ஒன்றுமில்லை. தேன் போத்தலை எறும்புத் தொல்லை காரணமாகச் சாமியறையிலிருந்து எடுத்துவிட்டோம். மங்கை என்னோடு அவ்வளவாகக் கதைப்பதில்லை. முழங்கால் வலியாக இருக்கும்.

முதியோர் சங்கத்தார் 'ஐரோப்பாவில் வசிக்கும் ஒருவர்' எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கிறார்கள். பாதத்தின் படம் ஒன்று கிடைத்தால் நல்லது என்று செயலாளர் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை.

அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுது. ஒரு வரி போதும்.

அண்ணன்,
குணரத்தினம்

*

பலெர்மோ,
11.08.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. பழைய வீட்டுக்கு வந்ததை மீன்காரன் வாங்கி வைத்திருந்து தந்தான். மச்சாளுக்கு என் அன்பைத் தனியாகச் சொல்லுங்கள். மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் அடங்கவில்லை.

ஜூன் பத்தொன்பதாம் திகதி காலை குவெஸ்தூராவுக்குப் போனோம். வரிசையில் மூன்று மணித்தியாலம் நின்றார். முதலாளியின் கடிதம் சரி. படம் சரி. பத்து விரலிலும் ரேகை எடுத்தார்கள். வெளியே வந்து, "பாத்தியே, ஒண்டும் இல்லை. நீதான் சும்மா பயந்தனி" என்றார். உதடு காய்ந்து வெளுத்திருந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். பின்னேர வேலைக்கு வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன், நாளைக்குப் போவோம் என்றார். போய் வேலை செய்தார்.

அடுத்த நாள் விடிய எழும்பவில்லை. உடம்பு நெருப்பு. என்னை அவருடைய அக்காவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மீன்காரனும் அவன் தம்பியும் மீன் பெட்டி தூக்குகிற மாதிரித் தலையிலும் காலிலும் பிடித்துப் படியால் இறக்கினார்கள். இவ்வளவு நாளும் நான் ஏசின ஆள்.

ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்த தாதிப் பிள்ளை, இது என்ன பூசியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். தேன் என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டாள். இரண்டு மாதமாக என்றேன். வெளியே போய் டொக்டரைக் கூட்டி வந்தாள். அவர் இன்னொரு டொக்டரைக் கூட்டி வந்தார். அவர்கள் எல்லோரும் என்னோடு மிகவும் மரியாதையாகக் கதைத்தார்கள்.

தேனையே இங்கேயும் புண்ணுக்குப் போடுகிறார்களாம். சுத்தம் செய்து, குழாயில் அடைத்து வருகிறதாம். ஆனால் முதலில் செத்ததை வெட்டி, ஊசி போட்டு, காலைத் தரையில் வைக்காமல் இருந்தால்தானாம். மொழிபெயர்க்க வந்த பெண்பிள்ளை இதை எனக்கு இரண்டு தரம் சொன்னாள். இரண்டு தரமும் ஓம் என்றேன்.

ஜூன் இருபத்திரண்டாம் திகதி இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கையெழுத்து நான் வைத்தேன். அவருக்கு மூன்றாம் நாள்தான் சரியான நினைவு வந்தது. போர்வையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, "குதிகால் கடிக்குது, சொறிஞ்சு விடு" என்றார். அண்ணை, மூன்று மாதம் அந்தக் குதிகாலில் ஒன்றும் தெரியாமல் இருந்தவர். இப்போது ஒவ்வொரு நாளும் நோகிறது என்கிறார். நான் கையை அந்த இடத்தில் போர்வைக்கு மேல் வைத்துக்கொண்டு இருப்பேன். அங்கே ஒன்றும் இல்லை. இரவில் அவர் நித்திரையாகும் வரைக்கும் நான் நித்திரை கொள்ளப் பயம்.

மற்றக் காலை ஒவ்வொரு நாளும் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்கிறேன். சின்னக் கீறல் இருந்தாலும் அன்றே கூட்டிக்கொண்டு ஓடுகிறேன். போன கிழமை கூட்டிக்கொண்டு போனது நுளம்புக் கடிக்கு.

பாதத்தின் படம் எடுக்கவில்லை.

முதலாளி இரண்டு தரம் வந்து பார்த்தான். அழுதான். வரும்போது ஒரு கூடை பழம் கொண்டு வந்தான். இவருடைய இடத்துக்கு அல்பேட் என்ற ஆளை எடுத்திருக்கிறான். நம்முடைய பெடியன்தான், மன்னார்.

பெர்மெஸ்ஸோ போன செவ்வாய்க்கிழமை கையில் கிடைத்தது. இரண்டு வருடத்துக்குத் தந்திருக்கிறார்கள்.

கபோவில் இருந்த அறையை விட்டுவிட்டோம். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் வேறொன்று எடுத்திருக்கிறோம். விலாசத்தை உறையின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வாடகை கூடுதல். தரைத்தளம், படி இல்லை.

தங்கை,
யோகம்